கற்பனை நாட்டு அதிபர்களைப் பார்த்து இன்னும் ஏன் சிரிக்கிறோம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 1933-ல் வந்த 'டக் சூப்' படத்தை, மார்க்ஸ் சகோதரர்கள் என்ற அமெரிக்க நகைச்சுவைக் குழுவின் படத்தை, யாரோ சொல்லிப் பார்த்தீர்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய அரசியல் பற்றி உங்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். அதே சமயம், போன தேர்தலின்போது எல்லோரும் பகிர்ந்த ஒரு நையாண்டி வீடியோவை இப்போது போட்டுப் பார்த்தால் உதடுகூட அசையவில்லை. ஏன்? உங்கள் கேள்விக்குக் கீழே பதில் எழுதிய இரண்டு பேர் "அந்தக் காலத்துக் கலைஞர்கள் மாதிரி வருமா" என்று முடித்துவிட்டார்கள். அது பதில் இல்லை. அந்தக் காலத்திலும் மொக்கைப் படங்கள் ஏராளமாக வந்தன. நீங்கள் கேட்பது, சூழல் முழுக்கத் தொலைந்த பிறகும் இந்தப் படங்களுக்குள் எது வேலை செய்துகொண்டே இருக்கிறது என்பதை. நான் படத்தொகுப்பு வேலையில் இருந்தவன், இப்போது சினிமா வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது பற்றித் தைரியமாகப் பேசுவேன். அந்தப் படங்கள் அரசியலில் என்ன விளைவை உண்டாக்கின என்று கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் பேசுவேன்.

முதலில் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1922-ல் எடுத்த 'காப்ஸ்' என்ற குறும்படத்திலிருந்து ஒரு காட்சி. கீட்டன் ஒரு குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு, தெரியாமல் போலீஸ் அணிவகுப்புக்கு நடுவில் புகுந்துவிடுகிறார். இரண்டு பக்கமும் ஜனங்கள், முன்னும் பின்னும் வரிசை வரிசையாகப் போலீஸ்காரர்கள். அப்போது மாடியிலிருந்து ஒரு புரட்சிக்காரன் திரி எரிகிற வெடிகுண்டை வீசுகிறான். அது வந்து கீட்டன் பக்கத்தில் விழுகிறது. அவர் சிகரெட் பற்றவைக்க நெருப்பு தேடிக்கொண்டிருந்தவர். குண்டை எடுத்து, அந்தத் திரியிலேயே சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டு, தீக்குச்சியை எறிகிற மாதிரி அலட்சியமாக எறிகிறார். போலீஸ் நடுவில் வெடிக்கிறது. அப்புறம் ஊரிலிருக்கும் மொத்தப் போலீஸும் அவரைத் துரத்துகிறது. இதை 1922-ல் அமெரிக்காவில் பார்த்தவனுக்கு ஒன்றரை வருடம் முன்பு, 1920 செப்டம்பரில், நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் வெடித்த குண்டு ஞாபகம் வந்திருக்கும். புரட்சிக்காரர் என்று சந்தேகப்பட்டவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் நாடு கடத்திய சமயம் அது. உங்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஒன்றும் அறியாத ஒருவன், தப்பான இடத்தில் தப்பான நேரத்தில் நின்றதாலேயே, அரசாங்கத்தின் முழு பலத்துக்கும் எதிரியாகிவிடுகிறான். இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை.

சாப்ளின் இதைப் பற்றி ரொம்ப முன்பே யோசித்திருக்கிறார். 1918-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில், ஜனங்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. போலீஸ்காரன் குழிக்குள் விழுந்தால் ஏன் சிரிப்பு வருகிறது என்றால், அவன் சட்டத்தின் கௌரவத்தைச் சுமந்துகொண்டு நிற்பவன் என்கிறார். இன்னொரு உதாரணம் அவருடைய படத்திலிருந்தே. மாடியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவன் கையிலிருந்து அது நழுவி, கீழே பட்டும் நகையுமாக உட்கார்ந்திருக்கும் பணக்கார அம்மாவின் கழுத்து வழியாக உள்ளே போகிறது. அதே ஐஸ்கிரீம் ஒரு வேலைக்கார அம்மாள் மேல் விழுந்திருந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது, பரிதாபம்தான் வந்திருக்கும் என்று எழுதுகிறார். விழுவது, அடிபடுவது என்று உடம்பை வைத்துச் சிரிக்கவைக்கும் ஸ்லாப்ஸ்டிக்கின் அரசியல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. யார் விழுகிறார்கள், யார் விழக்கூடாது என்று முடிவு செய்வதே ஒரு கட்சி எடுப்பதுதான். எவன் விறைப்பாக நிற்கிறானோ அவனைத்தான் கவிழ்க்க வேண்டும். நாற்காலி, சீருடை, மைக், அணிவகுப்பு, சலாம் இவையெல்லாம் அதிகாரம் தன் உடம்பின் மேல் போட்டுக்கொள்கிற அலங்காரங்கள். கொள்கைகள் பத்து வருடத்தில் மாறிவிடும், இந்த அலங்காரங்கள் நூறு வருடமானாலும் மாறுவதில்லை. என் பதிலின் மையம் இதுதான்.

'தி கிரேட் டிக்டேட்டர்' (1940) படத்தில் முசோலினியைக் கிண்டலடிக்கும் பாத்திரமான, பாக்டீரியா நாட்டின் சர்வாதிகாரி நாப்பலோனி வந்து இறங்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அடிக்கடி நிறுத்தி நிறுத்திக் காட்டுகிற பகுதி. டொமெய்னியா நாட்டின் சர்வாதிகாரி ஹின்கல், அதாவது ஹிட்லர். ஹின்கலாக நடிப்பதும் சாப்ளின்தான், படத்தில் வரும் யூத முடிதிருத்துபவரும் அவர்தான். விருந்தாளியை மனதளவில் மட்டம் தட்ட மந்திரி கார்பிட்ச் ஒரு திட்டம் போடுகிறார். நாப்பலோனி அந்த நீளமான அறையின் மறுகோடியிலிருந்து நடந்து வர வேண்டும். வந்ததும் ஒரு குட்டை நாற்காலியில் உட்கார வேண்டும். எப்போதும் அவர் அண்ணாந்து பார்க்க, நம் தலைவர் குனிந்து பார்ப்பார். போதாததற்குத் தலைவரின் சிலை ஒன்றும் அவரை முறைத்துக்கொண்டிருக்கும். எல்லாம் தயார். ஹின்கல் மேஜைக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். நாப்பலோனியோ பின்பக்கக் கதவு வழியாக வந்து முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். திட்டம் அந்த ஒரு தட்டிலேயே காலி. குட்டை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார், சரிப்படவில்லை, எழுந்து மேஜை மேலேயே உட்கார்ந்துவிடுகிறார். இப்போது குனிந்து பார்ப்பவர் அவர்.

இதோடு விட்டிருந்தாலே நல்ல காமெடிதான். சாப்ளின் விடவில்லை. அடுத்து இருவரும் முடிவெட்டிக்கொள்ளப் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்காருகிறார்கள். உயரத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி வைத்த சலூன் நாற்காலிகள். ஒருவர் கொஞ்சம் ஏற்றுகிறார், மற்றவர் அதைவிடக் கொஞ்சம் ஏற்றுகிறார். பேச்சு என்னவோ நட்பாகத்தான் போகிறது, கை மட்டும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கூரை வரைக்கும் போய்விட்டு ஹின்கலின் நாற்காலி சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. ஆயுதப் போட்டியைப் பற்றி நான் படித்த கனமான கட்டுரைகள் எதுவும் இரண்டு நிமிஷத்தில் இவ்வளவு சொன்னதில்லை. கவனித்தீர்களானால் இங்கே ஹிட்லரைப் பற்றியோ முசோலினியைப் பற்றியோ எந்தத் தகவலும் இல்லை. இரண்டு பெரிய மனுஷர்கள், யார் உசத்தி என்ற பதைப்பு, ஒரு இயந்திரம். அவ்வளவுதான் சரக்கு.

'டக் சூப்' வேறு ரகம். அங்கே சண்டித்தனம் செய்கிறவனே நாட்டின் தலைவன். ஃப்ரீடோனியா என்ற நாட்டின் கஜானா காலி. பணக்கார விதவை டீஸ்டேல் அம்மையார் கடன் கொடுக்க ஒரே நிபந்தனை, ரூஃபஸ் ஃபயர்ஃபிளை என்பவரை ஆட்சியில் உட்கார வைக்க வேண்டும். அந்த வேடம் க்ரூச்சோ மார்க்ஸுக்கு. பதவியேற்பு விழாவில் வீரர்கள் வாளை உயர்த்தி இரண்டு வரிசையாக நிற்கிறார்கள், எல்லோரும் பாட்டுப் பாடித் தலைவரை வரவேற்கிறார்கள், தலைவரைக் காணோம். அவர் மாடியில் அப்போதுதான் தூக்கம் கலைந்து, தீயணைப்பு நிலையத்தில் இருப்பதுபோன்ற கம்பத்தில் சறுக்கி இறங்கி, வரிசையின் கடைசியில் வந்து நின்றுகொண்டு, யாராவது வருகிறார்களா என்று பக்கத்து வீரனிடம் விசாரிக்கிறார். அதிகாரத்தின் சடங்கு முழுவதும் காலியான இடத்தை நோக்கி நடக்கிறது.

ஆனால் அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் போருக்குச் சற்று முன் வருவது. பக்கத்து நாடான சில்வேனியாவின் தூதர் ட்ரென்டினோவோடு சமரசம் செய்துகொள்ளும்படி டீஸ்டேல் அம்மையார் கெஞ்சுகிறார். ஃபயர்ஃபிளை பெருந்தன்மையாகச் சம்மதிக்கிறார். சமாதானத்துக்காகக் கை நீட்டுவேன் என்கிறார். அப்புறம் யோசிக்கிறார், நான் கை நீட்டி அவன் குலுக்காவிட்டால்? ஒரு நாட்டின் தலைவன் நான், எல்லோர் முன்னாலும் என்னை அவமானப்படுத்த அவன் யார்? வார்த்தைக்கு வார்த்தை சூடேறுகிறது. தூதர் சிரித்த முகத்தோடு உள்ளே வரும்போது, "ஓ, கை குலுக்க மறுக்கிறாயா?" என்று கேட்டு ஓர் அறை. போர் மூண்டுவிட்டது. எதிராளி செய்யாத ஒன்றை மனதுக்குள் செய்யவைத்து, அதற்குக் கோபப்பட்டு, அதற்காகப் படையை அனுப்புவது. இதற்கு நான் உதாரணம் எதுவும் தரப்போவதில்லை, செய்தித்தாள் படிக்கிறவர் நீங்கள். போரைத் தவிர்க்கும்படி கேட்கும்போது, போர்க்களத்துக்கு ஒரு மாத வாடகை கொடுத்தாகிவிட்டது என்று அவர் சொல்லும் பதிலும் அதே வகைதான்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரலாம், அது நியாயமானதும்கூட. இந்தக் காட்சியில் சிரிப்பு வசனத்தில்தானே இருக்கிறது, உடம்பில் இல்லையே? பாதி உண்மை. 1930-களின் பேசும்பட ஸ்லாப்ஸ்டிக், நாடக மேடையின் வாய்ச்சவடாலையும் மௌனப்பட அடிதடியையும் கலந்தது. இயக்குநர் லியோ மக்கேரி மௌனப்படக் குறும்படங்களில் தேர்ந்தவர். பேச்சு சூடேற்றுகிறது, ஆனால் காட்சியை முடிப்பது அந்த அறைதான். வசனத்தைத் தமிழில் சப்டைட்டில் போட்டால் பாதி சுவை போய்விடும். அறை போகாது.

தொகுப்பாளனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காமெடி தலை முதல் கால் வரை தெரிகிற ஷாட்களில், வெட்டாமல் ஓடவிட்டு எடுக்கப்பட்டது. 'டக் சூப்' படத்தில் கண்ணாடி உடைந்துபோன இடத்தில் நின்றுகொண்டு இன்னொரு சகோதரரான ஹார்ப்போ, க்ரூச்சோவின் பிம்பமாக நடிக்கும் காட்சி இருக்கிறதே, இருவரும் ஒரே சட்டகத்தில் ஒரே நேரத்தில் அசைவது தெரிந்தால்தான் அது வேலை செய்யும். அந்த உத்தி அவர்கள் கண்டுபிடித்ததும் அல்ல, சாப்ளின் 1916-லும் பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிண்டர் 1921-லும் செய்ததுதான். தலைவனும் தலைவன் வேஷம் போட்டவனும் ஒருவரையொருவர் சரிபார்ப்பதாக அதை மாற்றியது இவர்களுடைய சாமர்த்தியம். அதே படத்தின் போர்க் காட்சியில் மறுபக்கம் விளையாடியிருக்கிறார்கள். ஷாட்டுக்கு ஷாட் க்ரூச்சோவின் சீருடை மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மோதிய இரண்டு தரப்பின் சீருடையும் வரும், சாரணர் தலைவர் உடையும் வரும். எங்கள் தொழிலில் உடை மாறினால் கன்டினியூட்டி தப்பு என்று திட்டு வாங்குவோம். அங்கே தப்பையே நையாண்டியாக்கிவிட்டார்கள், எந்தப் போர் என்றே கணக்கில்லாமல் போகிறது. அந்த உடைகளில் ஒன்றில் நின்றுகொண்டு தன் ஆட்களையே சுடுகிறார். அதைச் சொன்னவனுக்கு வாயை மூட ஐந்து டாலர் லஞ்சம் கொடுத்துவிட்டு, அதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

கற்பனை நாடுகளின் விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரீடோனியா, டொமெய்னியா, பாக்டீரியா என்று பெயர் வைத்ததுதான் இவற்றின் ஆயுளை நீட்டித்தது என்று பலர் சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஏதோ தொலைநோக்கு என்று நினைக்க வேண்டாம். பொய்யாக ஒரு குட்டி ராஜ்ஜியத்தைப் படைப்பது ஐரோப்பிய இசை நாடகங்களிலும் நாவல்களிலும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பழக்கம். 1932-லேயே பாராமவுண்ட் ஸ்டுடியோ, நகைச்சுவை நடிகர் டபிள்யூ.சி. ஃபீல்ட்ஸை க்ளாப்ஸ்டோகியா என்ற நாட்டின் அதிபராக்கிப் படம் எடுத்துவிட்டது. அங்கே அதிபர் பதவியைக் கைமல்லுக்கட்டித்தான் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். 1934 ஜூலைக்குப் பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்தது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறாராக அமலாயின. பிற நாடுகளையும் அவற்றின் தலைவர்களையும் நியாயமாகக் காட்ட வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி கேயார்க் கிஸ்லிங் நாஜிகளுக்குப் பிடிக்காத படங்களுக்கு எதிராக ஸ்டுடியோக்களை நெருக்கிக்கொண்டிருந்தார். ஜெர்மன் சந்தை போய்விடுமே என்று முதலாளிகளும் பயந்தார்கள். ஆக, பெயரை மறைத்ததற்குப் பெரிய காரணம் வியாபாரமும் பயமும்தான். பயத்தில் செய்த காரியம் பிற்காலத்துக்கு வசதியாகப் போயிற்று. சாப்ளின் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. சொந்தப் பணத்தில் எடுத்தவர், பெயர் மாற்றியது மறைக்க அல்ல, கேலி செய்ய.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு படத்தைச் சொல்லிவிடுகிறேன். சாப்ளின் படம் வந்தது 1940 அக்டோபரில். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, ஜனவரியில், த்ரீ ஸ்டூஜஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை மூவர் 'யூ நாட்ஸி ஸ்பை' என்ற குறும்படத்தில் ஹிட்லரைக் கிழித்துவிட்டார்கள். மோரோனிகா என்ற நாட்டில் ஆயுத வியாபாரிகள் மூன்று பேருக்கு லாபம் குறைகிறது, அரசரைக் கவிழ்க்க ஒரு முட்டாள் தேவைப்படுகிறான், வீட்டுச் சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த மோ, அந்த மூவரில் ஒருவர், அகப்படுகிறார். மீசை ஒட்டிக்கொண்டால் சர்வாதிகாரி. மொத்தம் சுமார் 18 நிமிஷம். நுணுக்கம் கிடையாது, பொட்டென்று மண்டையில் அடிப்பதுதான். ஆனால் சர்வாதிகாரி தானாக முளைப்பதில்லை, யாரோ லாபத்துக்காகக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள் என்ற விஷயத்தில் அது சாப்ளினை விடத் தெளிவாக இருக்கிறது என்பது என் கட்சி. நடித்தவர்கள் யூதர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, சந்தேகத்துக்கு உரிய விஷயங்கள். 'டக் சூப்' போருக்கும் சர்வாதிகாரத்துக்கும் எதிராகத் திட்டமிட்டு எடுத்த படமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஹிட்லர் ஜெர்மனியில் பதவிக்கு வந்த அதே 1933-ல்தான் படம் வந்தது. ஆனால் அதற்காக ஹிட்லரைப் பற்றிய படம் என்று சொல்வது இழுத்துப் பொருத்துவது. க்ரூச்சோ பிற்காலத்தில் இந்த மாதிரி விளக்கங்களைச் சிரித்துத் தள்ளிவிட்டார். 1960-களில் வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள்தான் அதைப் போர் எதிர்ப்புப் படமாகக் கொண்டாடினார்கள். படத்தின் அர்த்தத்தில் பாதி அவர்கள் சேர்த்தது என்றே நினைக்கிறேன். படம் வெளியானபோது படுதோல்வி என்று எழுதுவார்கள், அதுவும் மிகை. மார்க்ஸ் சகோதரர்களின் முந்தைய படத்தை விடக் குறைவாக ஓடியது என்பதுதான் சரி. முசோலினி அதை இத்தாலியில் தடை செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. ஹிட்லர் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தைத் தனியாக வரவழைத்து இரண்டு முறை பார்த்தார் என்ற கதையும் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அசைக்க முடியாத ஆதாரம் கிடையாது, கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃப்ராங்கோ 1975-ல் சாகும்வரை சாப்ளின் படத்தைத் திரையிட முடியவில்லை, 1976-ல்தான் ஜனங்கள் பார்த்தார்கள் என்பது பதிவான செய்தி. தன் பெயரே இல்லாத படத்துக்கு அவர் ஏன் பயந்தார் என்று யோசித்தால், உங்கள் கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

இந்தச் சிரிப்பு எதையாவது தடுத்ததா என்று கேட்டால், தடுக்கவில்லை. சாப்ளினே 1964-ல் வந்த தன் சுயசரிதையில், வதை முகாம்களின் உண்மையான பயங்கரம் அப்போது தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று எழுதினார். ஸ்லாப்ஸ்டிக் அதிகாரத்தின் நடையைக் கிண்டலடிக்கும், அதிகாரம் செய்கிற கொலையை அதனால் தாங்க முடியாது. அதனால்தானோ என்னவோ, படத்தின் முடிவில் முடிதிருத்துபவர் சாப்ளினாகவே மாறி, நேராக நம்மைப் பார்த்துச் சொற்பொழிவு ஆற்றுகிறார். இணையத்தில் அதிகம் பகிரப்படுவது அந்தப் பேச்சுதான், என் மாணவர்களுக்கும் அது ரொம்பப் பிடிக்கிறது. எனக்கு அது படத்தின் பலவீனமான இடம். நல்ல மனிதரின் நல்ல பேச்சு, ஆனால் அது வரும்போது சினிமா நின்றுவிடுகிறது. அதற்குப் பதில் ஆரம்பத்தில் ஹின்கல் பேசும் பொய் ஜெர்மன் பேச்சைப் பாருங்கள். அர்த்தமே இல்லாத கத்தல், இருமல், உறுமல். மைக் பயந்து பின்னால் வளைகிறது. மொழிபெயர்ப்பாளரோ அந்த ஆவேசம் முழுவதையும் ஒரே வரியில், தபால் படிக்கிற குரலில் சொல்லி முடிக்கிறார். வார்த்தை புரியாமலேயே வெறுப்புப் பேச்சின் ராகம் புரிந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். நாம் பார்ப்பது மிஞ்சியவற்றை மட்டும்தான். அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் சுமார் 70 சதவீதம் முழுக்க அழிந்துவிட்டதாக அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தக் காலத்து மேடைகளிலும் படங்களிலும் அன்றைய அமைச்சர்களைப் போல் குரல் மாற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். அவர்கள் யாரும் நம் கைக்கு வரவில்லை, வந்தாலும் புரியாது. நீங்கள் சொல்லும் தேர்தல் வீடியோவும் அந்தக் கும்பலைச் சேர்ந்ததுதான். மிமிக்ரி செய்கிறவன் பார்வையாளரின் ஞாபகத்தை நம்பிப் பிழைக்கிறான். ஞாபகம் போனால் பிழைப்பும் போச்சு. அதற்காக அதைக் குறைத்துப் பேச மாட்டேன், அந்த வாரத்துக்குத் தேவையான வேலையை அது செய்துவிட்டுப் போகிறது. மிஞ்சியவற்றிலும் எல்லாமே பொன் இல்லை. 'டக் சூப்' படத்தில் கறுப்பின மக்களைக் குறித்து ஒரு பழைய ஜோக் வரும், இன்று கேட்டால் பல்லில் கல் மாட்டுகிறது. மார்க்ஸ் சகோதரர்கள் தெருவில் எலுமிச்சைச் சாறு விற்கும் ஏழையைப் பாடாய்ப் படுத்துகிற காட்சி அருமையாக எடுக்கப்பட்டது, ஆனால் சாப்ளின் 1918-ல் போட்ட கணக்குப்படி அங்கே விழக்கூடாதவன்தான் விழுகிறான். எனக்கு அதில் சிரிப்பு முழுதாக வந்ததில்லை.

தொடர்ந்து பார்க்க நினைத்தால் 'காப்ஸ்' படத்தில் ஆரம்பியுங்கள், வசனமே இல்லாததால் உடம்பு எப்படிப் பேசுகிறது என்று கண் பழகும். அப்புறம் 1936-ல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்', குறிப்பாக லாரியிலிருந்து விழுந்த சிவப்புக் கொடியை எடுத்துத் திருப்பிக் கொடுக்க ஓடும் சாப்ளினுக்குப் பின்னால் ஓர் ஊர்வலமே சேர்ந்துவிடும் இடம். அதன் பிறகு ஸ்டூஜஸ் குறும்படம், கடைசியில் 'தி கிரேட் டிக்டேட்டர்'. நாப்பலோனி ரயிலில் வந்து இறங்கும்போது கம்பளத்தை எந்தக் கதவுக்கு நேராக விரிப்பது என்று தெரியாமல் ரயில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் ரயிலைப் பார்க்காமல், கம்பளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்களைப் பாருங்கள்.